அடியில் உறுமுவது

பகலில் நான் ஸ்ரான்லி வீதியில் ஒரு லீசிங் கொம்பனி.
இரவில் பேஸ் கிற்றார்.

கொழும்பிலிருந்து ஒப்பந்தம் வந்தபோது
மற்ற மூன்று பேரும் தொகையைப் பார்த்தார்கள்.
பதினைந்து லட்சம்.
டெனிசியஸ் அன்றைக்கே ட்ரம் தோல் மாற்றினான்.
அனற் குருநகரில் கண்ட எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கினாள்.
நான் எழுத்தின் அளவைப் பார்த்தேன்.
எட்டு. எங்கள் படிவத்திலும் அதே எட்டு.

தெரிந்த தாள்தான், பாருங்கோ.
முற்பணம் என்று எழுதியிருந்தால்
கடன் என்று வாசிக்க வேண்டும்.
இதைச் சொல்லாமல் விடுவதற்குத்தான்
எனக்கு மாதச் சம்பளம்.
ஆனாலும் கையெழுத்து வைத்தேன்,
முதல் ஆளாக, நல்ல பேனையால்.

பத்தொன்பது மாதம் கழித்துக் கணக்கு வந்தது.
ஸ்ரூடியோ, மிக்சிங்,
காரைநகர்க் கடலில் பறந்து விழுந்த ட்ரோன்,
அதைத் தேடிப் போன வள்ளத்தின் மண்ணெண்ணெய்,
எல்லாம் எங்கள் பெயரில்.
செலவு பத்தொன்பது லட்சம்.
பாட்டுகள் உழைத்தது இருபத்தொன்று.
"அப்ப ரெண்டு மிச்சம்" என்றான் டெனிசியஸ்.

மிச்சம்தான். அவர்களுக்கு.
எங்கள் பங்கு நூற்றுக்குப் பதினாறு,
அந்தப் பதினாறால் மட்டும்தான் கடன் கழியும்.
மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரம் கழித்து
இன்னும் பதினைந்து லட்சத்து அறுபத்து நாலாயிரம்
நாங்கள் கொடுக்க வேண்டும்,
போட்ட காசை எப்போதோ எடுத்துவிட்ட ஆட்களுக்கு.

எங்கள் கொம்பனியே வெட்கப்படும்.
கடைசித் தவணை கட்டினால் நாங்கள்
ஓட்டோவின் புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவோம்,
ஒரு கலண்டரும் தருவோம்.
இங்கே கடன் முழுதும் தீர்ந்தாலும்
பாட்டு அவர்களுடையது.
வாய் மட்டும் அனற்றுடையது.

அதோடு இணைத்து ஒரு கடிதம், அடுத்த தொகுப்புக்கு:
முன்னிசை ஆறு செக்கனுக்கு மேல் வேண்டாம்.
ஊர்ப் பெயர்களைக் குறைக்கவும்.
பேஸ் போனில் கேட்காது, தவிர்க்கலாம்.

"அப்ப நாங்கள் ஆருக்கு வாசிக்கிறது?"
அனற் கேட்டாள்.
றெஜி கீபோர்ட்டை உறைக்குள் வைத்து
சிப்பை இழுத்தான்.
அது நீளமான சிப்.

வியாழக்கிழமை கொக்குவிலில் ஒரு ஓட்டோ தூக்கினோம்.
மூன்று தவணை பாக்கி. பெயர் பரஞ்சோதி.
யார்ட்டில் திறப்பைத் திருப்ப
எஞ்சினுக்கு முதல் அனற் தொடங்கினாள்.
எங்கள் நாலாவது பாட்டு.
நூறு ரூபாய்க்கு யாரோ நிரப்பிக் கொடுத்த பென்ட்ரைவ்.
ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவின்படி
இது களவு.

படிவத்தில் எழுதினேன்:
குடை ஒன்று, வைரவர் படம் ஒன்று,
பிள்ளையின் இடதுகால் செருப்பு ஒன்று.
பென்ட்ரைவை எழுதவில்லை.

அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
முதலில் பேசினார், முறைப்படி,
என் பூட்டன் வரைக்கும்.
பிறகு அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு,
"உதிலை நாலாவது பாட்டு கவனம் தம்பி.
அடியிலை ஒண்டு உறுமும்.
நான் எஞ்சின் பிழையெண்டு
ரெண்டு தரம் கராஜுக்குக் கொண்டுபோனனான்.
மூவாயிரத்து ஐநூறு."

அவருடைய தவணையில் சரியாகக் கால்வாசி.
என் வாசிப்புக்காக இதுவரை
சொந்தக் காசு செலவழித்த ஒரே ஆள்.

"பிறகு?"
"பிறகென்ன, பாட்டெண்டு தெரிஞ்சுது.
இப்ப அந்த இடம் வர
சத்தத்தைக் கூட்டுறனான்."

இரண்டாவது ஒப்பந்தம் மேசையில் கிடக்கிறது,
மேலே தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.
இன்றிரவு நான்தான் சொன்னேன்:
முன்னிசை நாற்பது செக்கன். பேஸைக் கூட்டு.
எவ்வளவு, என்றான் றெஜி.
கராஜுக்குக் கொண்டுபோகிற அளவுக்கு.

சிரித்தார்கள். நானும்.
ஓட்டோ இன்னும் எங்கள் யார்ட்டில்தான்,
மழைக்குள், நூற்றுப் பதினெட்டாம் இலக்கம் ஒட்டியபடி.
திங்கட்கிழமை ஏலம்.
அந்தத் தாளிலும்
கையெழுத்து என்னுடையது.